கால் நனைக்கும் தொட்டி

எங்கள் கோழிக் கொட்டகை வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி கிடக்கும். அதில் கத்தரிப்பூ நிறத்தில் மருந்துத் தண்ணீர். ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் வந்து இறங்கினால், அதில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. பல்லடம் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் எல்லோரிடமும் இந்தத் தொட்டி உண்டு. பாதிப்பேர் பேருக்கு வைத்திருப்பார்கள். எங்கள் தொட்டியில் தினமும் தண்ணீர் மாற்றியவள் என் மனைவி. குஞ்சு கொடுக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் ஒருமுறை ஷூவோடு தாண்டிப் போகப் பார்த்தார். "ஏனுங்க சார், காலை நனைச்சுட்டுப் போங்க. பொறந்து ஒரு நாள் ஆன உசுருங்க, நம்ம கால் தூசியே அதுக்குப் போதும்" என்று சிரித்துக்கொண்டே குறுக்கே நின்றாள். அவர் நனைத்துக்கொண்டு போனார்.

அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது வயது நாற்பத்து மூன்று. முதலில் ஆறு கீமோ, மூன்று வாரத்துக்கு ஒன்று, அப்புறம் ஆபரேஷன் என்றார்கள். பீளமேட்டில் இருக்கும் மருத்துவமனைக்குக் காலையில் போனால் திரும்ப மாலையாகிவிடும். சிவப்பு நிற மருந்து குழாய் வழியே சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வேறு என்ன செய்ய முடியும்? வீடு வந்து சேர்ந்த பிறகு நான்கு நாள் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. தலையணையெல்லாம் முடி. இடுப்புவரை இருந்த முடி அது. "சீப்புச் செலவு மிச்சமுங்க" என்று சொல்லிவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை.

டாக்டரம்மா முதல் நாளே சொன்னார். "பத்தாம் நாள் வாக்கில் ரத்தத்தில் வெள்ளை அணு அடியோடு குறைந்துவிடும். சின்னக் கிருமியைக்கூட உடம்பு தாங்காது. அந்த வாரம் வீட்டுக்குள் யாரையும் விடாதீர்கள்." குஞ்சு வளர்க்கிறவனுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தபடி தலையாட்டினேன். அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் நோயாளியை வந்து பார்க்காமல் இருந்தால் அது பகை. பார்க்க வந்தவரை வாசலிலேயே நிறுத்துவது அதைவிடப் பெரிய பகை. முதல் இரண்டு கீமோவுக்கும் ஃபோனிலேயே பொய் சொல்லிச் சமாளித்தேன். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோமுங்க என்று. மூன்றாவது கீமோ முடிந்த பதினோராம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் அவளுடைய பெரியப்பா.

கிணற்றுத் தண்ணீர்ப் பங்குத் தகராறில் எங்கள் கல்யாணத்துக்கே வராத மனிதர். இருபது வருஷமாக அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கையில் ஒரு பை சாத்துக்குடியோடு, கூனிப்போய் நின்றார். "மாப்ள, எங்க அம்மணியப் பாக்கோணுமுங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமினார். அந்த இருமலை நான் கேட்டேன். கேட்டுவிட்டு, "வாங்க மாமா, உள்ள வாங்க" என்றேன்.

அதற்குள் அறையிலிருந்து அவளே எட்டிப் பார்த்துவிட்டாள். சேலைத் தலைப்பை மொட்டைத் தலைமேல் இழுத்துப் போட்டாள். பிறகு முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். பெரியவர் முன்னால் வாயை மூடிக்கொண்டு "வாங்க" என்று சொல்வது மரியாதை இல்லையே. "வாங்க பெரியப்பா" என்றாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். மாஸ்க்கைப் போட்டுக்கொள் என்ற இரண்டு சொல் வாயில் வரவில்லை. அவர் போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "அப்பா இருந்து பாத்திருக்கோணுமுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் சந்தோஷமாக இருந்த ஒரே நாள் அது.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். இது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அவரவர் உடம்பில் இருக்கும் கிருமியே போதும் என்று டாக்டரம்மா என்னைத் தேற்றினார். நான் நம்பவில்லை. என் ஆத்திரமெல்லாம் அந்தப் பெரியவர் மேல் இருந்தது. அவரை நேரில் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மூச்சுவிடத் தொண்டையில் குழாய் வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என் விரலைப் பிடித்து, "பெரியப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. நெம்ப வருத்தப்படுவாரு" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறாம் நாள் போய்விட்டாள்.

போன வாரம் கொட்டகைக்குப் புதுக் குஞ்சுகள் வந்தன. அவள் போன பிறகு நான் இறக்கிய முதல் குஞ்சுகள். மறுநாளே பெரியவர் வந்தார். நான் எதுவும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் காலை வைத்தார். வைத்தவர் வெளியே எடுக்கவில்லை. கணுக்கால் வரை மருந்துத் தண்ணீரில் அப்படியே நின்றார்.

"மாப்ள, அன்னைக்கு எனக்கு இருமல் இருந்துச்சுங்களா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், நெனப்பு வரமாட்டேங்குதுங்க."

சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் தொண்டைக்கு வந்தன. அவர் இன்னும் தொட்டியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இல்லீங்க மாமா" என்றேன். "வாங்க, காபி குடிக்கலாம்."

அவரை அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது தொட்டித் தண்ணீர் பழுப்பாகியிருந்தது. தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கி வைத்தேன். உள்ளே குஞ்சுகள் ஒரு குறையும் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தன. நான் என் கால்களை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன்.