மடிப்பில் கிழிந்த ஒன்பதாம் கேள்வி

பிஜி தனுவச்சபுரத்தில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு வகுப்பு நடத்தினாள். படிக்க வந்தவர்களைவிட ஃபேனுக்கு அடியில் உட்கார வந்தவர்கள் அதிகம். வீட்டில் அடுப்பு எரிந்தது சுந்தரதாஸ் சாருடைய டியூட்டோரியலின் கேள்வித்தாள்களை அச்சடித்துக் கொடுத்ததால்தான். அந்த வேலை போனால் அவளும் அப்பா யோசுவாவும் அண்ணனின் தயவில் கிடக்க வேண்டும். அந்தத் தயவு எப்படிப்பட்டது என்று அண்ணனின் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

யோசுவா மிஷன் சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் காலில் புண். கட்டு மாற்ற, நர்ஸ் என்பதால், நான் போவேன். காலை விட்டுவிட்டு வாய்க்குக் கட்டுப் போட்டால் என்ன என்று பலமுறை தோன்றியதுண்டு.

தொண்ணூற்றெட்டில், கேள்வித்தாள் அச்சடிக்கும் பழைய புரோகிராமை வைரஸ் தின்றபிறகு, பிஜி இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு மாறினாள். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அது அமெரிக்கத் தாளுக்கென்று எழுதப்பட்டது. அவர்கள் தாள் பதினொரு அங்குலம், நம் கடையில் கிடைப்பது பன்னிரண்டு. ஒன்றோடொன்று ஒட்டி மடிந்து வரும் தாளில் பக்கத்துக்கு ஓர் அங்குலமாக எழுத்து நழுவி, ஒன்பதாம் கேள்வி சரியாக மடிப்பின்மேல் விழுந்தது. கிழித்தால் தலை ஒரு தாளில், கால் இன்னொரு தாளில். பிள்ளைகள் ஒன்பதாம் கேள்விக்கு இலவசமாக மார்க் கேட்டார்கள்.

பிஜி உள்ளே திறந்து ஓர் எண்ணை மாற்றினாள். சரியாயிற்று. பிறகு அவளிடம் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் ஷிஜு புதிய பதிப்பை சிடியில் கொண்டுவந்து போட்டான். மறுபடி கிழிந்தது. மறுபடி மாற்றினாள். வாந்தியை நிறுத்தாமல் வாயைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரியான வேலை.

அப்போது சுந்தரதாஸ் அம்பூரியிலும் ஒற்றசேகரமங்கலத்திலும் கிளை திறக்க ஏற்பாடு செய்தார். மூன்று இடத்து அச்சு வேலையும் பிஜிக்கே என்றார். ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"டீச்சரே, சிடியில உள்ளது அப்படியே ஓடணும். நீ மாசாமாசம் மலையேறி வைத்தியம் பாக்க முடியாது. இனி கிழிஞ்சா எல்லாத்தையும் நெய்யாற்றங்கரையில பிரஸ்ஸுக்குக் குடுத்துருவேன்."

ஆகவே திருத்தம் சிடிக்குள்ளேயே வரவேண்டும். அதற்கு எழுதினவர்களுக்கே அனுப்பவேண்டும். பிஜி கடிதம் எழுத உட்கார்ந்தாள். யோசுவா கட்டிலில் இருந்தபடி குறுக்கிட்டார்.

"நீ ஆருண்ணு சொல்லாம காரியத்துக்குப் போனா எவன் மக்கா கேப்பான்?"

எங்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டங்களில் அதுதான் முறை. புதிதாக வந்தவர் எழுந்து நின்று, யாருடைய பிள்ளை, எந்தச் சபை, ஆண்டவர் எதிலிருந்தெல்லாம் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். பிஜியும் அதில் வளர்ந்தவள். அவளுக்கும் சரியென்றே பட்டது. தகப்பன் பெயர், சபை, பாறசாலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி, மஞ்சள்காமாலையில் பிழைத்தது, எல்லாம் எழுதினாள். அப்பாவின் காலுக்காக ஜெபிக்கும்படியும் கேட்டாள். திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, ஈமெயில் கடையில் முழுவதையும் ஆங்கிலத்தில் தட்டினாள். கடைக்காரன் நேரமாயிற்று என்று பின்னால் வந்து நின்றதும் அனுப்பிவிட்டு இறங்கினாள்.

அடுத்த வாரம் பதில் வந்திருந்தது. அந்தக் குழுவின் தலைவர் ஏதோ குளிர்நாட்டுக்காரர். தந்தையின் கால் குணமாக வாழ்த்துகள். திருத்தம் எங்கே என்று கேட்டிருந்தார். சாட்சி சொன்ன மும்முரத்தில் அதை மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

இரண்டாம் முறை திருத்தத்தை மட்டும் அனுப்பினாள். வணக்கம்கூட இல்லை. இதைச் சேர்த்தால் இனி அமெரிக்கர்களின் தாள் கிழியும், முடியாது என்று பதில் வந்தது. யோசுவாவுக்குக் கோபம் வந்தது.

"கிழியட்டு. நம்ம தாள் கிழிஞ்சப்போ அவனுவ அழுதானுவளா?"

"அவனுவ தெரியாம செய்தானுவ அப்பா. நான் தெரிஞ்சோண்டு செய்யவா?"

அவர் பதில் தேடினார். நான் பழைய பஞ்சைப் பிடுங்கினேன். பதில் வேறு சத்தமாக வந்தது.

பிஜி முதலிலிருந்து எழுதினாள். தாளின் நீளத்தை அச்சடிப்பவரே சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் கிழியாது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். பதிலே இல்லை. கிளை திறக்கும் தேதி குறித்தாயிற்று. சுந்தரதாஸ் பிரஸ்காரரோடு டீ குடிப்பதைப் பார்த்ததாக மூன்று பேர் தனித்தனியாக வந்து, வருத்தப்படுவதுபோலச் சொன்னார்கள்.

திறப்புக்கு முந்தின நாள் ஷிஜு புது சிடியோடு அம்பூரிக்குப் போனான். பிஜியும் போனாள். சுந்தரதாஸ் பக்கத்தில் நிற்க, உள்ளே எதையும் திறக்காமல், நீளம் பன்னிரண்டு என்று மட்டும் சொல்லி அச்சடித்தாள். சுந்தரதாஸ் தன் கையாலேயே கிழித்தார். ஒன்பதாம் கேள்வி முழுதாக இருந்தது; பதில் போடாமலேயே அவள் திருத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். மூன்று இடத்து வேலையும் அவளுக்கே கிடைத்தது. பிள்ளைகள் அவளிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த சிடியில் உதவியவர்களின் பெயர்களும் இருந்தன. மற்றவர்களுக்கெல்லாம் வெறும் பெயர். இவளுக்கு மட்டும், பிஜி, உபதேசியார் யோசுவாவின் மகள், மிஷன் சபை, பாறசாலை அருகே என்று போட்டிருந்தார் அந்தக் குளிர்நாட்டுக்காரர், முதல் கடிதத்தைப் பார்த்து. யோசுவா அதை அச்சடித்துத் தரச்சொல்லி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார்.

"ஆருண்ணு சொன்னதுகொண்டாக்கும் எடுத்தானுவ."

பிஜி அடுத்த கேள்வித்தாளை அடிக்க உட்கார்ந்தாள். அவளுக்கு மூன்று இடத்து வேலை இருந்தது.

அடுத்தமுறை கட்டு மாற்றப் போனபோது அவர் முகம் வாடியிருந்தது. தாளை என்னிடம் நீட்டினார்.

"சிஸ்டரே, எனக்க காலைப்பற்றி ஒண்ணும் போடேலியே."

அடுத்த சிடியில் வரும் என்று சொல்லிக் கட்டை இறுக்கினேன்.