இடப்பக்க மட்கார்டில் போகாத கறை

அப்பா அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பொறுமையின் சிகரம் என்று எழுதும்படி சித்தப்பா சொன்னார். எழுத மாட்டேன். அப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அவர் என் அப்பாவே அல்லர்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காட்டுச் சாளையில், தோட்டத்துக் குடிசையில், பிறந்தவர். பிறந்த வாரமே தாயை இழந்தார். தகப்பனார் சாட்டையால் வளர்த்தார். ஊரார் பண்ணாடி என்று அழைக்கும் பெரிய நிலக்காரர் ஒரு கறுப்புக் கார் வாங்கியபோது, அதைக் கழுவித் துடைக்கும் வேலைக்கு அப்பா சேர்ந்தார். வெயிலில் கழுவ மாட்டார். தூசியின்மேல் உலர்ந்த துணியை வைக்க மாட்டார். "மண்ணு வர்ணத்தை அறுத்துப்போடும்" என்பார். முதலில் தண்ணீர், பிறகு துவைத்து நைந்த வேட்டி, கடைசியில் மெழுகு. கீறல் விழும் என்று கல்யாண மோதிரத்தையே கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். காரைத் தொட்டதற்காக என் விரலில் ஒருமுறை அவர் போட்ட அடி இன்னும் நினைவிருக்கிறது.

அப்போது எனக்கு ஏழு வயது. ஆடிக் கடைசியில் கருப்பனார் கோயிலில் காருக்கு முன் கிடா வெட்டினார்கள். ஒரே வெட்டில் தலை போகவில்லை. மூன்றாம் வெட்டில் ரத்தம் பீறிட்டு பானெட்டிலும் இரண்டு மட்கார்டிலும் தெறித்தது. பொழுது சாயும்வரை அதைத் துடைக்கக் கூடாது என்பது பண்ணாடி வீட்டு வழக்கம். நேரமோ உச்சி வெயில். சூட்டில் காய்ந்தால் ரத்தம் வர்ணத்தைத் தின்றுவிடும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஈரத்துணியோடு ஓடினார். பானெட்டையும் வலப்பக்க மட்கார்டையும் துடைத்துவிட்டார்.

"கருப்பனாருக்குக் குடுத்த ரத்தத்தையாடா தொடைக்கறே!" என்று பண்ணாடியின் மைத்துனர் பாய்ந்தார். அப்பாவைக் கீழே தள்ளி, காரின் முன்னால் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலால் வலக்கையில் ஓங்கி ஓங்கி அடித்தார். நான்கு விரல்களும் உடைந்தன. நான் அந்த மைத்துனரின் காலைக் கடித்தேன். பெண்பிள்ளை என்றும் பாராமல் உதைத்தார். பண்ணாடி பார்த்துக்கொண்டு நின்றார். பாவி!

பத்து நாள் கழித்துப் பண்ணாடியே எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா துடைக்காத இடப்பக்க மட்கார்டில் ரத்தம் வர்ணத்தை அரித்து, வெளிறிய கறையாக நின்றுவிட்டது. அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வர வேண்டும்.

"அந்தக் கறையை எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துரு. பழையபடி வேலைக்கும் வந்துரு" என்றார்.

வீட்டில் அன்று கம்பங்கூழுக்கும் வழியில்லை. அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்தார்.

அப்பா கட்டுப்போட்ட கையை உயர்த்திக் காட்டினார். "அது கருப்பனாரு ரத்தமுங்க. நான் தொடமாட்டனுங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா அசையவில்லை. பிறகு நாமக்கல்லில் ஒரு பஸ் ஷெட்டில் இடக்கையால் வண்டி துடைத்தே எங்களைக் கரையேற்றினார். மடங்காத வலக்கையை யாரையும் தொட விடமாட்டார். சென்ற ஆண்டு வந்த காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார்.

சாவுக்குப் பண்ணாடி, கறை இன்னும் போகாத அதே காரில் மாலையோடு வந்தார். "உங்கப்பன் கடைசி வரைக்கும் எம்மேல கோவமாத்தான் இருந்தானா, சாமி?" என்று என்னிடம் கேட்டார்.

"மட்கார்டைப் பாருங்க" என்றேன்.

உடைந்த விரல்களுக்குக் கட்டுப்போட்ட வைத்தியருக்கும், ஒற்றைக்கையருக்கு வேலை கொடுத்த ஷெட்காரருக்கும், பாடை சுமந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கமும் நன்றியும். மாலை கொண்டுவந்த பண்ணாடிக்கும் நன்றி. மாலையை வாங்கிக்கொண்டோம். அப்பா மேல் சாத்தவில்லை.