சாரத்தை விட்டு எழும்பாத நாய்

தாழ்வுபாடு என்கிற கடற்கரை ஊரில் லூசியாவின் பிஸ்கற் ரின்னைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. கடலுக்குப் போகிற புருசனுக்கு மற்றப் பெண்கள் புட்டும் சம்பலும் கட்டிக் கொடுப்பார்கள். லூசியா புட்டையும் சம்பலையும் கட்டி, அதோடு ஒரு தகர ரின்னையும் கொடுத்துவிடுவாள். அடியில் ஒரு சவர்க்காரக் கட்டி. அதன்மேல் முள்ளெடுக்கச் சாவணம், கத்தரிக்கோல், கடலில் மிதக்கிற சொறிமுட்டை பட்டு எரிகிற இடத்தில் ஊற்றச் சின்னப் போத்தலில் வினாகிரி. எல்லாவற்றுக்கும் மேலே தோய்த்துக் காயவைத்த துணி மடிப்புகளும் பன்டேஜ் சுருளும். மூடிக்குள் தண்ணீர் போகாமல் பழைய சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டுவாள்.

"இரத்தம் காத்துக்கொண்டு நிக்காது. திறந்த உடனை துணிதான் கையிலை வரவேணும்" என்பாள்.

"நான் கடலுக்குப் போறனோ, ஆஸ்பத்திரிக்குப் போறனோ?" என்று றெனால்ட் சிரிப்பான்.

"வாயைப் பொத்திக்கொண்டு கொண்டு போங்கோ."

லூசியாவின் வாய் அப்படி. கிணற்றடியில் நின்று அவள் பேசினால் கோயிலில் பூசை வைக்கிற சாமிக்குக் கேட்கும் என்று ஊரில் பகிடி. மனதில் ஒன்றும் இல்லை, வாய்க்குத்தான் வேலி இல்லை. ஆனால் ஊரில் எவனுக்குத் தூண்டில் குத்தினாலும் முதலில் ஓடி வருவது அவளுடைய வாசற்படலைக்குத்தான்.

அந்தச் சவர்க்காரம் அடியில் கிடப்பதற்கு ஒரு கதை உண்டு. சின்ன வயதில் சொந்தக்காரர் வீட்டு நாய் ஒன்று அவளுடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும் என்ற புத்தி அங்கே நின்ற ஒருவருக்கும் வரவில்லை. ஒருவர் கோப்பித்தூளை அப்பினார். இன்னொருவர் மிளகாய்த்தூளே வைத்துவிட்டார். பிறகு ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி ஊசி. கோயில் மண்டபத்தில் முதலுதவி வகுப்பு என்று அறிவித்தபோது, கலியாணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்றுவிட்ட லூசியா முன்வரிசையில் போய் உட்கார்ந்ததற்கு அந்த எரிவுதான் காரணம். வகுப்பு முடிந்த கையோடு ரின் கட்டத் தொடங்கினாள். அவன் கொண்டுபோய்க் கரையில் வாடிக்குள் வைக்க ஒன்று, வீட்டில் ஒன்று.

ரின் கட்டினாலும் நாய்ப்பயம் போகவில்லை. தெருவில் குட்டி நாய் வாலாட்டினாலும் அவளுக்குக் குலை நடுங்கும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருசன் நாய் வளர்த்தால் வீடு எப்படி இருக்கும்? மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று ஊரே களைத்துப்போன அந்த வருடம், வாடிக்குள் வைத்த மண்ணெண்ணெய்க் கான் களவு போனது. வாடி என்பது கரையில் வலையும் எஞ்சினும் வைக்கிற கிடுகுக் கொட்டில்தான். பூட்டுப் போட அதற்குக் கதவு இல்லை. அடுத்த கிழமையே றெனால்ட் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்கு ரைகர் என்று பெயரும் வைத்தான்.

"வளவுக்குள்ளை அது கால் வைச்சுதோ, நான் அம்மா வீட்டை போயிடுவன்" என்றாள் லூசியா.

ரைகர் வாடியிலேயே வளர்ந்தது. றெனால்ட் அதைப் பழக்கிய விதம் தனி. கடலில் இறங்கும்போது இடுப்பில் கட்டிய சாரத்தை அவிழ்த்து மணலில் விரித்து, அதன்மேல் கழற்றிய சேட்டையும் போனையும் வைத்துவிட்டுப் போவான். நாய் அதில் ஏறி இருந்துவிடும். யார் வந்தாலும் அசையாது. யார் சாப்பாடு போட்டாலும் தொடாது. திரும்பி வந்து சாரத்தைத் தூக்கி, இரண்டு தரம் மண் உதறி, தோளில் போடுவான். அப்போதுதான் எழும்பும். வாயால் ஒரு சொல் கிடையாது. லூசியாவும் தூர நின்று இதைப் பார்த்திருக்கிறாள். உப்புக்குளம் ஊரிலிருந்து ஓட்டோவில் நண்டு வாங்க வருகிற வஸீர் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இந்த நாயை அரசாங்கக் கந்தோருக்குக் காவலுக்கு விட்டா ஒருத்தருக்கும் சம்பளம் குடுக்கத் தேவையில்லை" என்று சிரித்திருக்கிறான்.

அந்த வஸீர்தான் சோளகக் காற்று வீசுகிற காலத்தில் ஒரு காலை போன் எடுத்தான். குரலில் சிரிப்பு இல்லை.

"அக்கா, கெதியா வாங்கோ. றெனால்ட் அண்ணை வாடியடியிலை விழுந்து கிடக்கிறார். கால் எல்லாம் இரத்தம். நாய் கிட்ட விடுகுதில்லை."

லூசியா வீட்டு ரின்னைச் சைக்கிள் கூடைக்குள் போட்டு மிதித்தாள். எந்த ஒழுங்கையால் போனாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை.

றெனால்ட் வாடி வாசலில் விரித்த சாரத்தின்மேல் ஒருக்களித்துக் கிடந்தான். நண்டு வலையைச் சரிபார்க்க இடுப்பளவு தண்ணீரில் நடந்தவனைத் திருக்கை மீன் வால்முள்ளால் குத்தியிருந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் உட்புறம். முள்ளைக் கையால் பிடுங்கிவிட்டு, கரைக்கு இழுபட்டு வந்து விழுந்திருக்கிறான். விழுந்த இடம் அந்தச் சாரம். நாய் ஏற்கெனவே அதைக் காத்துக்கொண்டிருந்தது. இப்போது சேட்டும் போனும் போல அவனும் அதற்குக் காவற்பொருளாகிவிட்டான். முன்கால்களை அவன் உடம்புக்கு இரண்டு பக்கமும் ஊன்றி, முதுகு மயிர் சிலிர்க்க, பல்லைக் காட்டி நின்றது. கீழே மணல் கறுத்துக்கொண்டு வந்தது.

வஸீரோடு வேறு இரண்டு தொழிலாளிகளும் நின்றார்கள். ஒருவன் கையில் துடுப்பு.

"மண்டையிலை ஒண்டு போட்டாத்தான் சரி" என்றான் அவன். துடுப்பு உயர்ந்தது. நாய் பின்வாங்கவில்லை. இன்னும் நன்றாகக் குனிந்து, றெனால்டின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உறுமியது. அடி தவறினால் அவன் தலையில்தான் விழும்.

"விடுங்கோ! அடிக்காதேங்கோ!"

லூசியா ரின்னைத் திறந்தாள். துணிச் சுருளை எடுத்து றெனால்டின் கைக்கு எறிந்திருக்கலாம். பதற்றத்தில் மூடியை மறுபடி அமர்த்தி ரின்னோடு எறிந்தாள். அது சாரத்தின் ஓரத்தில் விழுந்தது. ரைகர் ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்தது. சாரத்தில் விழுந்ததெல்லாம் அதன் பொறுப்பு அல்லவா. அவள் வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டிய ரின்னும் இப்போது நாயின் காவலில். உள்ளே வாடியில் இருந்த மற்ற ரின்னுக்கும் நாயைத் தாண்டித்தான் போகவேண்டும். லூசியாவுக்கு அழுகை வந்தது. கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினாள்.

"றெனால்ட்!"

நாய் குரைத்துக்கொண்டு ஓரடி பாய்ந்து, திரும்பவும் சாரத்துக்கே போனது. லூசியாவின் கால்கள் தாமாகப் பின்னால் போயின. அந்தப் பாய்ச்சலில் அவளுக்கு ஒன்று விளங்கியது. ஆட்கள் கூடக்கூட, சத்தம் ஏற ஏற அது இறுகுகிறது. 'கண்ணை உத்துப் பாத்தா அது சண்டைக்குக் கூப்பிடுறதா நினைக்கும்' என்று றெனால்ட் ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னான். நாய்க்கதை கேட்க நேரமில்லை என்று அவள் அன்று எழும்பிப் போய்விட்டாள்.

"வஸீர், எல்லாரும் ஓட்டோவடிக்குப் போங்கோ. துடுப்பைக் கீழை போடுங்கோ."

"அக்கா, நீங்கள் தனிய..."

"போங்கோ எண்டு சொன்னனான்."

அவர்கள் போனார்கள். லூசியா மணலில் இருந்தாள். நாய்க்கு நேரே அல்ல, பக்கவாட்டில், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு. கெண்டைக்காலில் பழைய காயம் குறுகுறுத்தது. இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். உறுமல் ஏறினால் நின்றாள், தணிந்தால் நகர்ந்தாள். றெனால்டைக் கை எட்டுமுன்னே ஏறிய உறுமல் பிறகு தணியவேயில்லை. அதற்குமேல் போகமுடியாது. இனி வாய்தான்.

ஊருக்கே கேட்கிற அந்த வாயால் அவள் அன்று முணுமுணுத்துத் திட்டினாள்.

"இஞ்சருங்கோ. காது கேக்குதோ? குத்தின முள்ளைப் பிடுங்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கண்ணைத் திறவுங்கோ. என்னை இந்த நாயோடை விட்டிட்டுப் போகலாம் எண்டு நினைச்சியளோ? நடக்காது. திறவுங்கோ கண்ணை."

றெனால்டின் இமை அசைந்தது. "பிடுங்கிப் போட்டன்..."

"அது தெரியுது. வலக்கையைக் காயத்திலை வையுங்கோ. அமத்துங்கோ. இன்னும். எடுக்கக்கூடாது." அவள் குரல் உயரவில்லை. "இப்ப மற்றக் கையாலை சாரத்தைத் தூக்குங்கோ."

"எழும்ப ஏலாது, லூசியா."

"எழும்பச் சொன்னனானோ? நுனியைப் பிடியுங்கோ. ஓம், அதுதான். இழுங்கோ."

சாரம் அவன் உடம்புக்குக் கீழே அகப்பட்டிருந்தது. ஒருமுறை இழுத்தான். கை துவண்டு விழுந்தது. வலக்கைவிரல்களுக்கு இடையால் இரத்தம் கசிந்தது. ரைகர் உறுமலை நிறுத்திவிட்டு அந்த நுனியையே பார்த்தது.

"மாதாவே... இன்னொருக்கா, என்ரை ராசா. உதறிப்போட்டுத் தோளிலை போடுங்கோ. அவ்வளவும்தான்."

கலியாணத்துக்குப் பிறகு அவள் அவனை ராசா என்று கூப்பிட்டது கிடையாது. அவன் நுனியைப் பிடித்தான். ஒருதரம் அசைத்தான். இரண்டாம் தரம் கொஞ்ச மணல் உதிர்ந்தது. அந்த நுனியைத் தோள்வரை இழுத்துப் போட்டான்.

ரைகர் ரின்னிலிருந்து காலை எடுத்தது. உடம்பை ஒருதரம் சிலுப்பிக்கொண்டு, போய் வாடி நிழலில் படுத்தது.

லூசியா ஓடவில்லை. ஓடவேண்டும் போல உயிர் துடித்தது, ஓடவில்லை. தவழ்ந்து போய் ரின்னைத் திறந்தாள். கையில் முதலில் வந்தது துணி. மடிப்பை வைத்து இரண்டு கையாலும் தன் பாரம் முழுவதையும் கொடுத்து அமர்த்தினாள். அது நனைய, எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்று. பிறகு சுருளை இறுக்கிச் சுற்றினாள். வஸீரைக் கையால்தான் கூப்பிட்டாள். எல்லாருமாக அவனைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். தூக்கும்போது சாரம் மணலில் விழுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, தையல் போட்டு, தப்பிவிட்டார் என்றார்கள். மறுநாள் றெனால்ட் கண்விழித்துக் கேட்ட முதற் கேள்வி, "ரைகர் சாப்பிட்டுதோ?"

"நான் சாப்பிட்டனானோ எண்டு கேக்கேல்லை, பாருங்கோ!" அவள் குரல் பழையபடி வாட்டு முழுவதற்கும் கேட்டது.

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "சாரம் அங்கைதானே கிடக்கு? அப்ப அது எழும்பாது."

அன்று பின்னேரம் லூசியா வாடிக்குப் போனாள். காய்ந்த இரத்தத்தில் விறைத்துப்போன சாரத்தின்மேல் ரைகர் படுத்திருந்தது. பக்கத்தில் வஸீர் எறிந்த மீனில் ஈ மொய்த்தது. அவளைக் கண்டதும் தலையைத் தூக்கி உறுமியது. களைத்த உறுமல்.

அவள் பக்கவாட்டில் இருந்தாள். கடலைப் பார்த்தபடி மெல்லத் திட்டினாள். "விசர் நாயே. அந்தாள் அங்கை உன்னைத்தான் கேக்குது." மெதுவாகக் கையை நீட்டிச் சாரத்தின் நுனியைப் பிடித்தாள். ஈரமில்லாத சூடான மூக்கு ஒன்று அவள் மணிக்கட்டில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. மூக்கு விலகியது. இழுத்தாள். எழும்பி நின்று இரண்டு தரம் உதறினாள். இரத்தக்கறையோடு அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

நாய் எழும்பியது.

வீட்டுக்கு நடந்த வழி முழுவதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் ஓடும் என்று பயம். பின்னால் மணலில் அதன் காலடி கேட்டுக்கொண்டே வந்தது. படலைக்கு வந்ததும் காலடி நின்றது. அந்தப் படலையைத் தாண்டக்கூடாது என்று அதற்கும் தெரியும். லூசியா படலையைத் திறந்து உள்ளே போனாள். மூடவில்லை.