மாத்தாள்

கண்ணாடி பாட்டில் கம்பெனியில் அவருக்கு மாத்தாள் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அங்கே உலை அணையக் கூடாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி இறுகிப்போகும், பிறகு உலையையே உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நிற்கிற வரைக்கும் இந்த ஷிஃப்ட் ஆள் நகர முடியாது. யாருக்காவது அவசரம் என்றால், தனக்குப் பதில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் போகலாம். அப்படி மாட்டிக்கொள்கிற ஆள் எப்போதும் இவர்தான்.

"அண்ணே, வியாழக்கிழமை மட்டும்..." என்று யாராவது தலையைச் சொறிவார்கள். மீதியைச் சொல்ல விடமாட்டார். "போடா, போய் உன் காரியத்தைப் பாரு. நான் நிக்கறேன்" என்பார்.

பத்தொன்பது வயதில் மணல் அள்ளிக் கொட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டு தங்கைகளைக் கரையேற்றிய பிறகுதான் தான் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே மகன். குடி கிடையாது, வீட்டில் குரல் உயர்த்தியது கிடையாது. உலைக்குப் பக்கவாட்டில் நின்று நின்று முகத்தில் வலது பாதி மட்டும் கறுத்திருக்கும். அவர் வரும்போது மகன் தூங்கியிருப்பான், கண் விழிக்கும்போது பள்ளிக்கூடம் போயிருப்பான். ஆனாலும் அவன் செருப்பு அறுந்தால் மறுநாள் தைத்து வாசலில் இருக்கும். மனைவிக்கு இடுப்பு வலி என்றால் மாடிக்கு ஆறு வாளி தண்ணீர் ஏறியிருக்கும். "எங்க வீட்டுக்காரரும் கடவுள் மாதிரிதான். செஞ்சது தெரியும், ஆள் தெரியாது" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கே வாய் கசக்கிறது.

அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த அன்று சம்மதக் கையெழுத்துப் போட அவள் தம்பிதான் வந்தான். இவர் யாருக்கோ பதிலாக நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் வேலைச் சட்டையோடு ஓடி வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். "பாவம், எழுப்பாதீங்க" என்று நர்சிடம் சொன்னதும் அவள்தான்.

இருபத்தொன்பது வருஷத்தில் 'இன்னைக்குப் போகாதீங்க' என்று ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. எல்லாருக்கும் நல்லவரான ஒருவரின் பெண்டாட்டி என்று நாலு பேர் மதிக்கிறார்களே, அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டாள்.

அவர் விழுந்ததும் அடுத்தவர் ஷிஃப்டில்தான். கூட வேலை பார்க்கும் சொட்டை, மச்சானின் புது வீட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டிருந்தார். முழு வழுக்கை என்பதால் அவருக்கு அந்தப் பெயர். காலை பதினோரு மணிக்கு உலை வாசலில் மாத்தாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். வீட்டுக்குப் போன் செய்த புது மேஸ்திரிக்குத் தெரியாது. பதிவேட்டைப் பார்த்தார், அந்த ஷிஃப்டுக்குச் சொட்டையின் பெயர் இருந்தது. சொட்டை வீட்டுக்குத் தகவல் போனது. அந்த அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, படுத்திருந்தவர் முகத்தைப் பார்த்து, "ஐயோ, இது அண்ணன்!" என்று கத்தினாள். அதற்கப்புறம்தான் சரியான வீட்டுக்குத் தகவல் போனது.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு மணி நேரம் நினைவோடு இருந்தாராம். "அவ வந்துட்டாளா?" என்று இரண்டு தரம் கேட்டாராம்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குச் சொட்டை வந்தார். வந்ததும் அழுதார். பொய் அழுகை இல்லை.

"அழாதீங்க தம்பி. டீ ஆறிப்போகுது."

"எப்படி அண்ணி அழாம இருக்கறது? பதினேழு வருஷம்! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சரின்னுடுவாரு. அவரால எனக்கு ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிக்கற பழக்கமே போச்சு."

மகன் சிரித்தான். அவனும் நாலு வருஷமாக அதே உலையில்தான், வேறு ஷிஃப்டில், வேலை பார்க்கிறான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சொட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார். "டேய் மகனே, வர்ற செவ்வாய்க்கிழமை மட்டும்..."

"நீங்க போங்க சித்தப்பா. நான் நிக்கறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறை வாசலில் ஏழு மாத வயிற்றோடு மருமகள் நின்றாள். "செவ்வாய்க்கிழமை நமக்கு ஸ்கேன்" என்று மெல்லச் சொன்னாள்.

"அதுக்கென்ன? அம்மா கூட்டிட்டுப் போவாங்க."

"நான் போகமாட்டேன்" என்றாள் அவள்.

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"உங்கப்பாவுக்குப் பதிலா உன் பள்ளிக்கூடத்துக்கு நான் வந்தேன். நல்லது கெட்டதுக்கெல்லாம் நான்தான் போய் நின்னேன். உனக்குப் பதிலா நிக்கமாட்டேன். அவ புருஷன் நீதானே? நீ போ."

"அண்ணி, அண்ணன் இருந்தா இப்படி ஒரு வார்த்தை வராது" என்றார் சொட்டை.

"வராது தம்பி. வராததாலதான் எனக்கு முன்னாடி உங்க வீட்டுல அழுதாங்க."

சொட்டை டீயைத் தொடாமல் எழுந்து போனார். மகன் குதித்தான். "எல்லாரும் அப்பாவைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடறாங்க. நீ ஒரே பேச்சுல அவர் பேரைக் கெடுத்துட்டியேம்மா!"

"கெடட்டும்டா. பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. மருமகள் மட்டும் அத்தையின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெண்டாட்டியின் பையை வாங்கித் தோளில் மாட்டி, படியில் அவள் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனான்.

அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். ஒரே ஒரு சொல்தான் தேவைப்பட்டிருக்கிறது. இதை அவரிடம் என்றைக்காவது சொல்லியிருந்தால், அவரும் இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்திருப்பாரோ?

விளக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். 'நான் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார்னு சொல்லிடு சாமி. அது ஒண்ணு போதும்' என்று வேண்டினாள். வெகுநேரம் கண்ணை மூடியபடியே இருந்தாள். பதில் வரவில்லை.