சுவரைப் பார்த்து நின்று கேட்ட பிக்கப்புகள்

என் கிட்டாரில் உயிரே இல்லை என்று இரண்டு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். புதுக் கம்பி போட்டேன், வயர் மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூராக்குகிற ட்ரெபிளைத் திருகித் திருகிக் கடைசிக்கே கொண்டுபோனேன். அப்படியும் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது மாதிரிதான் இருந்தது. கடைசியில் பழியை பிக்கப் மீது போட்டேன். காந்தமும் செம்புக் கம்பிச் சுருளுமாகக் கிட்டார் கம்பிகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற சின்னப் பெட்டிதான் பிக்கப். அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். அது நோஞ்சானாக இருந்தால் யார் வாசித்தும் பிரயோசனம் இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பாடம் எடுத்தேன்.

எனக்கு இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. ஸ்பின்னிங் பகுதியில் இருபத்திரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஆராதனையில் எலெக்ட்ரிக் கிட்டார். வாரத்தில் ஆறு நாள் நான் மில்லுக்காரன். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான் நான் நானாக இருந்தேன். அதற்கும் வந்தது கேடு. பாடகர் குழுவை நடத்துகிறவர் தனியாகக் கூப்பிட்டு, கிட்டார் சத்தம் காதைக் குத்துகிறது, சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குள் சரிபண்ணுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் வாசிக்கட்டும் என்றார். வந்ததே கோபம் எனக்கு. மழுங்கிக் கிடக்கிற கிட்டாரைப் போய்க் குத்துகிறது என்கிறாரே, இவருக்கெல்லாம் காது ஒரு கேடா என்று வீட்டில் வந்து கத்தினேன். மனைவி எனக்கு நேர் எதிரே வந்து நின்று, சாப்பிட வாங்க என்றாள்.

அந்த வாரமே கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அங்கே மைக் செட் கடை வைத்திருக்கிற பாய் ஒருவர். இந்தப் பக்கத்தில் பிக்கப்பைத் தொட்டு வேலை பார்க்கத் தெரிந்த ஆள் அவர்தான். பழைய கிட்டார் ஒன்றின் வயிற்றைக் குடைந்து, பின்பக்கமாகப் பிக்கப்பை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்க்கும்படி செய்து வைத்திருந்தார்.

முதலில் சிங்கிள் காயில். ஒற்றைச் சுருள், மெலிசாக, பளிச்சென்று இருக்கும், ஆனால் வாசிக்காமல் சும்மா வைத்திருந்தாலே இரையும். அடுத்தது ஹம்பக்கர். இரட்டைச் சுருள், இரைச்சலை அதுவே அடித்துவிடும், சத்தம் தடிமனாக வரும். கடைசியாக விலை கூடின ஹம்பக்கர் இன்னொன்று. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பாய் வாசிக்க வாசிக்க அவர் முகத்தையும் விரலையும் பார்த்தபடி, இது கண்ணாடி மாதிரி இருக்கு, இதில் மணிமணியாக விழுகிறது என்று அளந்துகொண்டே போனேன். உங்கள் சிங்கிள் காயிலில் இரைச்சலே இல்லையே பாய், அருமையான பீஸ் என்றும் சொன்னேன். தலைக்கு மேலே, அந்த இரைச்சலைக் கூட்டிவிடுகிற ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே அந்தப் பிக்கப் என்ன கத்துக் கத்தியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் கடையில் ஒரு வழக்கம். எது வேண்டும் என்று முடிவு பண்ணுமுன் யாராயிருந்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கேட்க வேண்டும். பிக்கப்பின் பளபளப்பையும் விலையையும் பார்த்து மயங்கிவிடுகிறார்களாம். நானும் திரும்பி நின்றேன். டும் டும் என்று என்னமோ கேட்டது. முதலாவது வாசித்துவிட்டார், இரண்டாவதை மாட்டுகிறார் போல என்று காத்திருந்தேன். செத்த நேரம் ஆயிற்று. என்ன பாய் தூங்கிட்டீரா என்று திரும்பினேன். அவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"மூணையும் வாசிச்சு முடிச்சாச்சுண்ணே," என்றார். "நாலு தடவ கூப்ட்டேன். ஒங்களுக்குக் கேக்கலியா?"

அவர் உதடு அசைவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மில்லில் மிஷின் ஓடும்போது யாரும் தொண்டையால் பேசுவதில்லை. உதட்டைப் பார்ப்போம், கை ஜாடை காட்டுவோம். ஷிப்ட் முழுக்க ஊர் வம்பெல்லாம் அப்படியே ஓடும். அந்தப் பழக்கம் வெளியிலும் என்னைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. கேட்டது என்று நான் நினைத்ததெல்லாம் பார்த்தது. காதில் வைக்க ரப்பர் அடைப்பான் தந்திருந்தார்கள். மிஷின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவான் என்று எனக்கு ஒரு பேர். அடைப்பான் வைத்தால் அந்தப் பேர் போய்விடும் என்று லாக்கரில் போட்டுவைத்தேன். புத்தி கெட்ட மனுஷன்.

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த நாள் காது டாக்டர், மேல் ஸ்தாயிச் சத்தங்கள் கேட்பது போய்விட்டது, இனி வராது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளில் கோடு இறங்குவதைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அடுப்பில் இருந்ததை விட்டுவிட்டு எனக்கு நேர் எதிரே வந்து நின்று, என்னவென்று கேட்டாள். எப்போதும் அப்படித்தான் வந்து நிற்பாள். பாசம் என்று நினைத்திருந்தேன்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ரெண்டு வருசமாத் தெரியும்," என்றாள். "சொன்னா கிட்டாரைத் தூக்கி வச்சிருவிய. அது இல்லாம நீங்க எப்படி இருப்பியளோன்னு பயந்துட்டேன்."

அவள் மேல் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை. அழுகைதான் வந்தது.

அசனப் பண்டிகை அன்று என் இடத்தில் சேத்தூரிலிருந்து வந்த ஒருவர் வாசித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் வாசித்த நாட்களில் முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருப்பார்கள். சேட்டை என்று எத்தனையோ தடவை முறைத்திருக்கிறேன். அன்று அவர் விரல்கள் மேல் ஸ்தாயிக் கம்பிகளில் ஓடியபோது எனக்கு ஒன்றும் எட்டவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.