மாத்திரையின் பாதி

தெருவில் அவளுக்கு நேர்கோட்டக்கா என்று பெயர். தையல்காரி; கோடு போடாமலே துணியை இம்மி பிசகாமல் வெட்டுவாள். "ஸ்கேலை முழுங்கிட்டுப் பொறந்தவ" என்று பக்கத்துச் சலவைக்கடைக்காரர் கேலி செய்வார்.

ஏழு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் ஊசிமருந்தெல்லாம் ஏற்றி முடித்து, வீட்டில் தினமும் ஒன்றரை மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். அந்த அரையை வெட்டுவது அவள் வேலை. பொத்தானுக்குக் காஜா வெட்டும் பிளேடுகளில் புதிதாக ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினாள். கையுறை போட்டு, வெள்ளைத் தட்டில் வைத்து வெட்டுவாள். மறுபாதி, டப்பாவில் மறுநாளுக்கு.

டாக்டரிடம் பேசுவது கணவர். "நீ பாப்பாகூட வெளியில இரு, நான் பேசிக்கறேன்" என்று ஒவ்வொரு முறையும் உள்ளே போவார். திரும்பி வந்து, "எல்லாம் நல்லாப் போகுதாம்" என்பார்.

சில மாதங்களில் நோய் திரும்ப வந்துவிட்டது.

குழந்தையைப் பார்க்க வந்த நாத்தனார் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "பிளேடால வெட்டுனா அளவு தப்பாதா அண்ணி? ரவிக்கைத் துணின்னு நெனச்சுட்டீங்களா? பாதி மருந்து தூளாவே போயிருக்கும்."

அவள் கணவரைப் பார்த்தாள். கடையில் நாள் முழுக்கப் பேசிப் பேசியே ஃபிரிட்ஜ் விற்கிற மனிதர். அன்று ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவள் துணியில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தாள். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி ஒரு கோடு. "என்னம்மா, ஸ்கேல் தொலைஞ்சு போச்சா?" என்றார் சலவைக்கடைக்காரர். அவளால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த முறை மருத்துவமனையில் கணவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா கூப்பிட்டார். மகளை நர்ஸ் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவளே உள்ளே போனாள். டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தாள்.

"இது கோணலா இருக்குதா டாக்டரம்மா? என்னாலதான் திரும்ப வந்துச்சா?"

டாக்டரம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒரு பாதி பெரிசா இருந்தா மறுநாள் பாதி சின்னதா இருக்கும். சரியாப் போயிடும். இது அதனால இல்லம்மா. முதல் மாசம் முடிஞ்சு எடுத்த எலும்பு மஜ்ஜைச் சோதனையிலயே கொஞ்சம் செல்லுங்க சாகாம நின்னுச்சு. மருந்துக்கு மசியாத செல்லுங்க. டோஸைக் கூட்டியும் பார்த்தோம். திரும்ப வர வாய்ப்பு அதிகம்னு அப்பவே சொன்னேனே. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

வெளியே வந்தாள். கணவர் பாட்டிலோடு எதிரே வந்தார். அவள் கையில் டப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீ தாங்க மாட்டேன்னுதான்..."

"நோயைத் தாங்க மாட்டேன், சரி. பழியை மட்டும் தாங்குவேனா?"

அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

அன்று மாலை நாத்தனார் போனில் வந்தாள். கணவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "அண்ணா, இனிமேலாவது நீங்களே அளவு பார்த்துக் குடுங்க. அண்ணி கையில விடாதீங்க."

அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

"ம்" என்றார் அவர்.

கட்டிலில் படுத்திருந்த மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா நேராத்தான் வெட்டுனாங்க அத்தை. நீங்க அன்னைக்குச் சொன்னப்புறம் தட்டுல இருந்த தூளைக்கூட நான் விரல்ல தொட்டு நக்கிட்டேன். அம்மாவைத் திட்டக் கூடாதுன்னுதான்."

அவள் தையலை விட்டு எழுந்து போய் போனைக் கையில் எடுத்தாள். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "உங்க அண்ணனுக்கு இது முதல் மாசத்துலேயே தெரியும்" என்று முடித்தாள்.

அடுத்த முறை டாக்டரின் அறைக் கதவு திறந்ததும் கணவர் வழக்கம்போல் எழுந்தார்.

"நீங்க பாப்பாகூட வெளியில இருங்க. நான் பேசிக்கறேன்" என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். "இனிமே குடுக்கப் போற புது மருந்துக்கு எவ்வளவு வாய்ப்பிருக்கு? மறைக்காமச் சொல்லுங்க."

"இந்த மாதிரி பத்துப் பிள்ளைங்கள்ல மூணு பேர் பிழைக்கலாம். அதுக்கும் மஜ்ஜை மாத்தணும்."

மேசை விளிம்பை விரலால் ஒருமுறை நேராகத் தடவினாள்.

"சரி. மூணு. இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க டாக்டரம்மா."