ராயபுரத்திலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு கப்பல்

என் கணவர் பிரான்சிஸ் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை ஃபிட்டர். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் நான் ஒரு கப்பலில்கூட ஏறியதில்லை. ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்து கிரேன்கள் தெரியும்; சங்கு ஊதுவது கேட்கும். எனக்கும் கப்பலுக்கும் அவ்வளவுதான் பழக்கம். அதனால் இந்த முறை அவர் லீவில் வந்ததும், சென்னையிலேயே ஏறி, கடலில் இரண்டு இரவு சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பலைப் பற்றிச் சொன்னேன்.

"ஒம்பது மாசம் கப்பல்ல கெடந்துட்டு இப்பதான் எறங்கி வந்துகீறேன். மறுபடியும் கப்பலா?" என்றார்.

"நீங்க எந்த மாதிரி எடத்துல இருக்கீங்கன்னு நான் பாக்க வேணாமா?"

இன்னொரு காரணமும் இருந்தது, அதை நான் சொல்லவில்லை. எங்கள் மகள் ஜெனிக்கு இரண்டரை வயது. அவர் வந்து இரண்டு வாரமாகியும் அவரிடம் போகவில்லை. தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு என் பக்கம் சாய்வாள். அவர் இறக்கிவிட்டு, டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

"கொழந்தைக்குக் கப்பல்ல இன்னா கீது? தீம் பார்க்கு போலாம்" என்றார். கடைசியில் இரண்டுக்கும் போவதென்று முடிவானது. வெள்ளிக்கிழமை பார்க், சனிக்கிழமை கப்பல் என்று போட்டிருந்தேன். அவர்தான் மாற்றினார். "நடுவுல ஒரு நாள் வூட்ல தூங்கட்டும். தண்ணில ஆடி சளி புடிச்சிகினு, அப்பால கப்பல் ஏசில படுத்தா பேஜாராயிடும்." விசாரித்தபோது, டயப்பர் கட்டும் குழந்தைகளைக் கப்பல் நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள் என்று தெரிந்தது. ஆகவே தண்ணீர் விளையாட்டெல்லாம் பார்க்கிலேயே முடித்துவிட வேண்டும். பால்கனி அறை எனக்கு ஆசைதான். ஜெனி கம்பியில் ஏறுவாள் என்பதால், திறக்க முடியாத ஜன்னல் உள்ள அறையை எடுத்தோம். "நடுவுல, கீழ் தளமா கேளு. அங்கதான் ஆட்டம் கம்மி" என்றார்.

பார்க் திருப்போரூர் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு டாக்சி பிடித்தோம். வாசலில் குழந்தையை ஒரு ஒட்டகச்சிவிங்கிப் பலகையில் நிறுத்தி அளக்கிறார்கள். தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை. ஆனால் அந்த உயரத்துக்கு ராட்டினங்களும் அநேகமாக இல்லை. ஜெனிக்குக் கிடைத்தது ஒரு குதிரை ராட்டினமும் முழங்கால் ஆழக் குளமும்தான். குதிரையில் என்னோடு உட்கார்ந்தாள். வேலிக்கு வெளியே பையையும் மூன்று ஜோடிச் செருப்பையும் வைத்துக்கொண்டு அவர் நின்றார். குளத்தில் அவர் கையை நீட்டியபோது, முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு, ஞாயிறு பூசை முடிந்து பதினோரு மணிக்கு ஆட்டோ ஏறினோம். துறைமுகம் வரை நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் எங்கள் தெருக்காரர்.

"இன்னாண்ணே, குடும்பத்தோட டூட்டியா?"

"டூட்டி இல்லபா. பாசெஞ்சரு."

"நீயா?" என்று ஓட்டுநர் கண்ணாடியில் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

கப்பல் பதினோரு மாடி. உள்ளே கம்பளம், கண்ணாடி லிஃப்ட், பியானோ. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தபோது, அவர் ஜெனியின் சின்ன லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"உங்க ரூமும் இப்படித்தானா?" என்றேன்.

"ரூமு பரவால்ல. நாளெல்லாம் நா இருக்கற எடம் தண்ணிக்குக் கீழ. ஜன்னலு கெடையாது." என் கையை எடுத்துச் சுவரில் வைத்தார். மெல்லிய அதிர்வு. "இத வுட நூறு பங்கு. காத அடச்சிகினுதான் வேல."

கப்பல் கிளம்பும்போது ஜெனி தூங்கிவிட்டாள். அவளோடு நாங்களும் அறையிலேயே இருந்தோம்.

மறுநாள் காலை கடல் புரண்டது. குழந்தைக்கு வாந்தி வந்தால் மருந்து, மாற்றுத் துணி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை, விழுந்தது நான். தலையைத் தூக்க முடியவில்லை. "காஞ்ச பிஸ்கட்டு கடி. கண்ண மூடிக்கோ" என்று சொல்லிவிட்டு, அழுது திமிறியவளைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே போனார். தாழ்வாரம் நெடுகிலும் அவள் குரல் கேட்டது. எழுந்து போகவேண்டும் என்று நினைத்தேன். எழுந்ததும் அறையே சுற்றியது; மறுபடி படுத்துவிட்டேன். பிறகு குரல் கேட்கவில்லை.

கண் விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. அவர்கள் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே லிஃப்ட் வரை போய், பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. உள்ளே இருவரும் நின்றிருந்தார்கள். அவர் இடுப்பில் ஜெனி. அவள் விரல் பொத்தான் மேல்.

"காலையிலேர்ந்து இதான்" என்றார். "மேல, கீழ, மேல, கீழ. சாப்பாடு கூட இதுலயேதான்."

நான் உள்ளே காலெடுத்து வைக்கப் போனேன். ஜெனி கையை நீட்டித் தடுத்தாள்.

"அம்மா வராத. பாப்பா, அப்பா போறோம்."

கதவு மூடிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

செவ்வாய் காலை கப்பல் கரையை நெருங்கியது. மேல் தளத்துக்குப் போனோம். ஜெனி அவர் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் தூரத்தில் எண்ணூர் புகைபோக்கிகள், பிறகு திருவொற்றியூர், காசிமேட்டுப் படகுகள். நான் அவருக்குக் கடலைப் பற்றி இன்னும் சில கேள்விகள் வைத்திருந்தேன். ஆனால் அவர் என்னைவிட ஆவலாகக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பாக்காததா?" என்றேன்.

"எங்க பாக்கறது? ஃப்ளைட்லதான் போறேன், வர்றேன். ரெண்டு தபா நம்ம ஊருக்கே கப்பல் வந்துச்சி. ஹார்பர்ல நொழையசொல்ல நா கீழ இன்ஜின்ல இருந்தேன்."

பதினோரு வருடம் கடலில் இருந்தவர், குழந்தை விழித்துவிடாமல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நம்ம வூடு எந்தாண்ட கீது?"

நாங்கள் பூசைக்குப் போகும் கோயில் கோபுரத்தைக் காட்டினேன். அதற்கு இடப்பக்கம், இரண்டு கட்டடம் தள்ளி, எங்கள் மொட்டை மாடியின் நீலத் தண்ணீர்த் தொட்டி. அவருக்கு முதலில் பிடிபடவில்லை. அவர் தோளோரம் சாய்ந்து விரலால் மறுபடி காட்டினேன். "ஆங்" என்றார். கப்பலைக் கயிறு போட்டுக் கட்டும்வரை அந்தத் தொட்டியை விட்டு அவர் பார்வை நகரவில்லை.